லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பை எடுக்க யாரிடம் போவது: கைனக்கா, லேப் சர்ஜனா, ஆங்கோவா?

காவிரிக்கரை (கேள்வி)

அக்காவுக்கு வயசு 46. மாதவிடாய் 9, 10 நாள் நிற்காமல் போகிறது, கட்டி கட்டியாக. ஹீமோகுளோபின் 7.9. ஸ்கேனில் கர்ப்பப்பை 12 × 9 × 8 செ.மீ., பின்சுவரில் 7 செ.மீ. ஃபைப்ராய்டு (புற்றுநோயல்லாத தசைக்கட்டி), முன்சுவரில் சின்னதாக இரண்டு. இரண்டு சிசேரியன் ஆனவர். போக்கைக் குறைக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமான மிரீனா வைத்து மூன்றாம் மாதமே வெளியே வந்துவிட்டது. பாப் ஸ்மியர் நார்மல், உட்சுவர் பயாப்சியிலும் கேன்சர் இல்லை. எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு முடிந்துவிட்டது. யார் எடுப்பது என்பதுதான் பாக்கி.

நாலு பேரிடம் காட்டியாச்சு. பிரசவம் பார்த்த கைனக் மேடம், பழைய தழும்பிலேயே ஓப்பனாக எடுத்துவிடலாம் என்கிறார். அதே ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து ஒரு லேப் (லேப்ராஸ்கோப்பி, சிறுதுளை வழி அறுவை) சர்ஜன் வருவார், ஜெனரல் சர்ஜரி எம்.எஸ்.; அவரை வரவழைத்து லேப்பில் செய்யவும் முடியுமாம். மூன்றாவது, கைனக் முடித்து லேப் ஃபெலோஷிப் செய்தவர். நாலாவது, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கைனக் ஆங்கோ (பெண்களுக்கான புற்றுநோய்) சர்ஜன். அங்கே ரோபோ, பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

சர்ஜன் என்ன படித்தார் என்பது முக்கியமா, எத்தனை கேஸ் செய்தார் என்பது முக்கியமா? எதைக் கேட்டால் உண்மை தெரியும்?

---

லேப்_கைனக்

இந்த மாதிரி கேஸ் எத்தனை செய்திருக்கிறார், அதில் போன ஒரு வருஷத்தில் எத்தனை? பட்டத்தை விசாரிப்பதற்கு முன்னால் இதை விசாரியுங்கள்.

இதற்கு நல்ல ஆதாரம் ஃபின்லாந்திலிருந்து வந்தது. 1996-ல் அந்த நாட்டில் நடந்த 10,110 கர்ப்பப்பை அறுவைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். லேப்ராஸ்கோப்பியில் 30 கேஸுக்கு மேல் செய்திருந்தவர்களின் கையில் யூரெட்டர் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்) காயம் 0.5 சதவீதம், சிறுநீர்ப்பைக் காயம் 0.8. முப்பதைத் தாண்டாதவர்களின் கையில் 2.2, 2.0. யூரெட்டரில் நாலு மடங்குக்கும் மேல். பத்து வருஷம் கழித்து 2006-ல் மறுபடி எண்ணியபோது, நாடு முழுக்க லேப் கேஸ்களில் யூரெட்டர் காயம் 1.1-லிருந்து 0.3-ஆக இறங்கியிருந்தது. கருவிகளும் மாறின, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை பழகியதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

2016-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு ஏழு லட்சம் பேருக்கு மேல் பார்த்தது. மாதம் ஒரு கேஸ் அல்லது அதற்கும் குறைவாகச் செய்பவரிடம் மொத்தச் சிக்கலுக்கான வாய்ப்பு 1.3 மடங்கு, தியேட்டருக்குள்ளேயே நேரும் சிக்கலுக்கு 1.6 மடங்கு.

எண்ணிக்கை ஏன் யூரெட்டரில் இப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்றால், இடம் அப்படி. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய், கர்ப்பப்பை வாயிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை, இரண்டு செ.மீ. தள்ளி, கர்ப்பப்பை ரத்தக்குழாய்க்கு அடியில் நுழைந்து போகிறது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். அந்த ரத்தக்குழாயைத்தான் கரன்ட் வைத்துச் சுட்டு வெட்ட வேண்டும். சூடு ஓரிரு மில்லிமீட்டரோடு நிற்காது. பழகியவர், யோனி வழியாகக் கர்ப்பப்பையைப் பிடித்து அசைக்கும் மேனிபுலேட்டர் கருவியின் கப்பைக் கீழேயிருந்து நன்றாக மேலே தள்ளச் சொல்வார். அப்போது கர்ப்பப்பை மேலேறி, யூரெட்டர் கீழேயும் வெளியேயும் விலகும். அந்த இடைவெளி வந்த பிறகுதான் சுடுவார், அதையும் ரத்தக்குழாய்க்குச் செங்குத்தாக, கர்ப்பப்பையை ஒட்டி. பழகாதவர் சுடுகிற இடத்தில் தப்பு செய்வது குறைவு. ரத்தம் கசிந்து திரை சிவப்பானதும் அவசரத்தில் பக்கவாட்டில் திரும்பத் திரும்பச் சுடுவதுதான் வினை. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சுட்ட சுவர் மெதுவாகச் செத்து, ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் ஓட்டை விழும்.

உங்கள் அக்கா விஷயத்தில் இரண்டு கஷ்டம். ஒன்று, அளவு. 12 × 9 × 8 × 0.52 என்று பெருக்கினால் சுமார் 450 மி.லி., கிராமிலும் கிட்டத்தட்ட அதே. சாதாரணக் கர்ப்பப்பை 100 கிராமைத் தாண்டாது. பின்சுவர்க் கட்டி பெரிதாக இருந்தால் மேனிபுலேட்டரால் தள்ளினாலும் கர்ப்பப்பை சரியாக அசையாது, பின்பக்கம் பார்வைக்கு வராது. இரண்டு, சிசேரியன். சிறுநீர்ப்பை பழைய தழும்பில் ஒட்டியிருக்கும். நடுவில் நேராகப் பிரிக்கப் போனால் கிழியும். பக்கவாட்டில் ஒட்டாத இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேயிருந்து நடுவுக்கு வர வேண்டும். சிறுநீர்ப்பைக்குள் 200 மி.லி. தண்ணீர் விட்டால் அதன் விளிம்பு தெரியும்.

எனவே "எத்தனை லேப் செய்தீர்கள்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "12 வாரக் கர்ப்ப அளவுக்கு மேற்பட்ட கர்ப்பப்பை, சிசேரியன் ஆனவர், இப்படிப் போன வருஷம் எத்தனை? எத்தனை பேருக்கு ஓப்பனாக மாற்ற வேண்டிவந்தது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு "ஒருத்தருக்குக்கூட இல்லை" என்ற பதில் எனக்குப் பயம் தரும். ஒன்று கஷ்டமான கேஸையே தொடுவதில்லை, அல்லது நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதில்லை.

---

தியேட்டர்_சிஸ்டர்

சார் சொன்னதோடு ஒண்ணு சேர்த்துக்கோங்க. லேப்ல ஆபரேஷன் பண்றது ஒரு ஆள் இல்ல, நாலு பேர். கேமரா பிடிக்கிறவங்க, கீழே உக்காந்து மேனிபுலேட்டர் தள்றவங்க, கருவி எடுத்துத் தர்ற சிஸ்டர். சர்ஜன் ஆயிரம் கேஸ் பண்ணியிருக்கலாம். அன்னைக்கு மேனிபுலேட்டர் பிடிக்கிறவங்க அதைத் தொட்டதே இல்லைன்னா அந்த ஆயிரத்துல பாதி வீண். வெளியூர்லருந்து வர்ற சர்ஜன் விஷயத்துல இதைத்தான் முதல்ல பாக்கணும். தன் டீமோட வர்றாரா, இல்ல கருவிப் பெட்டியோட மட்டும் வர்றாரா?

அப்புறம், ராத்திரி எட்டு மணிக்கு முடிச்சுட்டு அவர் கார்ல ஏறிடுவார். பத்து மணிக்கு பி.பி. இறங்கினா யாரு வயித்தைத் திறப்பா? உங்க பழைய கைனக் மேடத்துக்கு ஓப்பன் நல்லா வரும்னா அது ஒரு பலம்தான். ஆனா "நான் பாத்துக்கிறேன்"னு அவங்க வாயால சொல்லணும், நீங்களா நெனச்சுக்கக் கூடாது.

ஆஸ்பத்திரில கேக்க வேண்டியது: ஓப்பன் செட் தியேட்டருக்குள்ளயே எண்ணி வெச்சிருப்பாங்களா? ரெண்டு யூனிட் ரத்தம் க்ராஸ்மேட்ச் (பொருத்தம் பாக்குறது) பண்ணி ரெடியா இருக்குமா? சிறுநீர்ப்பைக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற சிஸ்டோஸ்கோப் அங்கேயே இருக்கா? யூராலஜி டாக்டர் கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல வருவார்? இதுக்கெல்லாம் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சா அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொண்ணு. "லேப் ஃபெலோ"ன்னு போர்டுல இருக்கும். சில நாள் கோர்ஸுக்கும் அதே வார்த்தை, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கூடவே நின்னு கத்துக்கிட்டதுக்கும் அதே வார்த்தை. எவ்வளவு காலம்னு கேளுங்க.

---

ஆங்கோ_கத்தி

எண்ணிக்கைதான் எல்லாம் என்பதில் எனக்குப் பாதிதான் சம்மதம். என்ன நோய் என்பதைப் பொறுத்துத்தான் படிப்பின் மதிப்பு.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 2018-ல் வெளியான லாக் ஆய்வு இதற்குச் சரியான பாடம். 631 பெண்கள், 33 மையங்கள். அதில் சேர விரும்பிய சர்ஜன் குறைந்தது 10 கேஸ் செய்ததற்கான விவரமும் எடிட் செய்யாத இரண்டு வீடியோவும் தர வேண்டியிருந்தது. அப்படித் தேறியவர்கள் செய்தும், மூன்று வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சிறுதுளை முறையில் 91.2 சதவீதம், ஓப்பனில் 97.1. அங்கே தோற்றது அந்த வழி, கை அல்ல. உட்சுவர்ப் புற்றுநோயில் கதை வேறு. லேப்பில் செய்தாலும் முடிவு ஓப்பனுக்குச் சமம் என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங்கில் நடந்த லேஸ் ஆய்வு காட்டியது. இந்த வித்தியாசம் தெரிந்து வழியைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் ஆங்கோ படிப்பு.

உங்கள் அக்காவுக்குப் புற்றுநோய் இல்லை. அப்படியானால் ஆங்கோ சர்ஜனால் என்ன லாபம்? பெரிட்டோனியத்தை (வயிற்றின் உள்சவ்வை) திறந்து யூரெட்டரை மேலேயிருந்து பின்தொடர்ந்து வருவது எங்களுக்கு அன்றாட வேலை. ஒட்டல் அதிகமாக இருந்தாலோ, குடலைப் பிடித்து இழுக்கும் எண்டோமெட்ரியோசிஸ் (உட்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது) இருந்தாலோ அது உதவும். ஆனால் ஆங்கோ என்ற பெயருக்காக மட்டும் போகாதீர்கள். பெரும்பாலும் ஓப்பனாகப் பெரிய புற்றுநோய் அறுவை செய்பவருக்கு, லேப்பில் பெரிய ஃபைப்ராய்டு கர்ப்பப்பை கைவராமல் இருக்கலாம். வெளியூர் ஜெனரல் சர்ஜனுக்கும் இதுவே: பித்தப்பையில் ஆயிரக்கணக்கில் அனுபவம் இருந்தால் உள்ளே நுழைவதும் தையல் போடுவதும் நன்றாக வரும். மேனிபுலேட்டர், கப், கர்ப்பப்பை எடுத்தபின் போடும் யோனி மேல்முனைத் தையல் இவை பித்தப்பையில் வருவதில்லை.

ரோபோ பற்றி: 2013-ல் அமெரிக்காவில் 2,64,758 பெண்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், புற்றுநோய் அல்லாத கேஸ்களில் சிக்கல் ரோபோவில் 5.5 சதவீதம், சாதாரண லேப்பில் 5.3. செலவுதான் ஒரு கேஸுக்கு 2,189 டாலர் கூடுதல். இரண்டு மடங்கு பில் கட்டி வாங்குவது பெரும்பாலும் சர்ஜனின் தோள்வலிக் குறைவைத்தான்.

கேட்காமல் விட்ட ஒரு கேள்வி: 450 கிராமை எப்படி வெளியே எடுப்பார்கள்? யோனி வழியாகத் துண்டு துண்டாகவா, வயிற்றுத் துளை வழியாக மெஷின் வைத்து அரைத்தா? ஃபைப்ராய்டு என்று நினைத்தது சர்கோமாவாக (தசையில் வரும் புற்றுநோயாக) இருந்தால், அரைக்கும்போது வயிறு முழுக்கச் சிதறிவிடும். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2014-ல் இதற்கு எச்சரிக்கை விட்டது. ஃபைப்ராய்டுக்காக அறுவை செய்யும் பெண்களில் 350-ல் ஒருவருக்கு இப்படி மறைந்திருக்கலாம் என்பது அப்போதைய அவர்கள் கணக்கு. பையில் போட்டுத்தான் வெட்டுவோம் என்று சொல்கிறாரா பாருங்கள். உட்சுவர் பயாப்சி நார்மல் என்பது சர்கோமாவை விலக்காது. கட்டி வேகமாக வளர்ந்திருந்தாலோ ஸ்கேனில் சந்தேகம் இருந்தாலோ அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. வேண்டும்.

---

மயக்க_மருந்து

சர்ஜனைத் தேடுவதற்கு முன் அந்த 7.9-ஐச் சரிசெய்யுங்கள். லேப்புக்குத் தலையைக் கீழே சாய்த்து, வயிற்றில் 12-லிருந்து 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் வாயு ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம் வைப்போம். ரத்தம் குறைவாக இருக்கிற உடம்புக்கு அது சுமை. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்புச்சத்து மருந்தை 1,000 மி.கி. ஊசியாகப் போட்டால் மூன்று நாலு வாரத்தில் இரண்டு கிராம் அளவுக்கு ஏறும், நடுவில் ரத்தப்போக்கு நின்றால். ரத்தப்போக்கை நிறுத்த, ஹார்மோனை அடக்கும் லூப்ரோலைடு ஊசி 3.75 மி.கி., மாதம் ஒன்று, இரண்டு மூன்று டோஸ். கட்டியும் சுருங்கும், அதனால் வழியே மாறலாம். எலும்பு தேயும் என்பதால் நீட்டிக்கொண்டே போகக் கூடாது.

மாரடைப்பு, ஆஸ்துமா, தூக்கத்தில் மூச்சு நிற்பது இருந்தால் பேச்சு வேறு.

---

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே கேட்டுப் பார்த்தோம். வெளியூர் சர்ஜன்: மொத்த லேப் ஆயிரக்கணக்கில், கர்ப்பப்பை மாசம் ஒன்று இரண்டு, மேனிபுலேட்டர் அங்கே டியூட்டியில் இருப்பவர் பிடிப்பார். மூன்றாவது சொன்ன கைனக்: போன வருஷம் 80 சொச்சம், பாதிக்கு மேல் சிசேரியன் ஆனவர்கள், மூன்று பேருக்கு ஓப்பனாக மாறியது. கூடவே நிற்பவர்கள் நாலு வருஷமாக அதே ஆட்கள். பையில் போட்டு யோனி வழியாகத்தான் எடுப்பாராம். சிஸ்டோஸ்கோப்பி "சந்தேகம் வந்தால் மட்டும்" என்றார். இது குறையா? ஓப்பனாக மாறினால் அக்காவுக்கு நஷ்டமா? கீழ்வழியாகவே, துளை இல்லாமல் எடுக்க முடியாதா என்று மாமா கேட்கிறார்.

---

லேப்_கைனக்

மாமா கேட்டது நியாயம். முடிந்த இடத்தில் கீழ்வழிதான் முதல் தேர்வு என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமே சொல்கிறது. சிசேரியன் ஆனது மட்டும் அதற்குத் தடை இல்லை. 450 கிராமைக் கீழிருந்து துண்டாக்கி எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் குறைந்துவிட்டார்கள், அவ்வளவுதான். லூப்ரோலைடு போட்டபின் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்து, அந்தக் கைனக்கிடமே மறுபடி கேளுங்கள்.

80-ல் 3 என்பது நாணயமான பதில். ஓப்பனாக மாறினால் நஷ்டம் இரண்டு மூன்று நாள் படுக்கை, நாலு வாரம் ஓய்வு கூடுதல். அதைத் தோல்வியாக எண்ணவே கூடாது. ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பிரிட்டனில் நடந்து 2004-ல் வெளியான இவாலுவேட் ஆய்வில் சர்ஜன்கள் ஒவ்வொரு முறையிலும் குறைந்தது 25 செய்தவர்கள். அப்படியும் பெரிய சிக்கல் லேப்பில் 11.1 சதவீதம், ஓப்பனில் 6.2. எதிர்பாராமல் ஓப்பனாக மாறியதையும் அதில் சிக்கலாகவே எண்ணினார்கள். ஆபரேஷன் நேரம் லேப்பில் 84 நிமிஷம், ஓப்பனில் 50. வலி குறைவு, சீக்கிரம் வீடு என்ற லாபம் லேப் பக்கம். ஆக உங்கள் பழைய மேடம் சொன்ன ஓப்பன் முட்டாள்தனமான யோசனை இல்லை. நல்ல கையில் ஓப்பன், பழகாத கையில் லேப் என்றால் நான் ஓப்பனுக்குத்தான் அனுப்புவேன்.

சிஸ்டோஸ்கோப்பி: இரண்டு சிசேரியன் இருப்பதால் இந்தக் கேஸில் செய்துவிடுங்கள் என்று கேட்கலாம். பத்து நிமிஷ வேலை. சிறுநீர்ப்பைக் கிழிசல், முடிச்சில் மாட்டிய யூரெட்டர் இரண்டும் அங்கேயே தெரியும், அங்கேயே சரிசெய்யலாம். சூட்டுக்காயம் மட்டும் அதில் தப்பிவிடும். அன்றைக்குக் குழாயில் சிறுநீர் நன்றாகத்தான் பீறிடும். அதனால் வீட்டுக்கு வந்தபின் விலாவில் வலி, காய்ச்சல், யோனி வழியாகத் தண்ணீர் மாதிரி நிற்காமல் கசிவு என்று எது வந்தாலும், பத்தாம் நாளாக இருந்தாலும், உடனே போக வேண்டும். தோள்பட்டை வலி இரண்டு நாள் இருக்கும். அது வாயுவால், பயப்பட வேண்டாம். வயிற்றுவலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால் குடலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

யோனி மேல்முனைத் தையலை லேப்பிலேயே போடுவாரா, கீழிருந்தா என்றும் கேட்டுவையுங்கள். இத்தாலியில் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வில் தையல் விட்டுப்போனது லேப் தையலில் 1 சதவீதம், கீழ்த்தையலில் 2.7.

---

தியேட்டர்_சிஸ்டர்

எட்டு வாரம் தாம்பத்தியம் வேண்டாம்னு அக்காகிட்ட மட்டும் சொன்னாப் போதாது, வீட்டுக்காரர் முன்னாடி வெச்சு டாக்டரையே சொல்லச் சொல்லுங்க. தண்ணிக் குடம், கேஸ் சிலிண்டர் தூக்கக் கூடாது. திடீர்னு கீழே ஏதோ இறங்குற மாதிரி இருந்தா உள்ளே தள்ளாம, சுத்தமான ஈரத்துணி வெச்சு அப்படியே கூட்டிட்டு வந்துடணும்.

ஓவரியை (சினைப்பையை) எடுக்குறாங்களா விடுறாங்களான்னு கன்சென்ட் ஃபார்ம்ல எழுதியிருக்கும், கையெழுத்துக்கு முன்னாடி படிங்க. 46 வயசுல காரணமில்லாம எடுக்க வேண்டியதில்ல. டியூபை (கருக்குழாயை) மட்டும் எடுத்துடுறது இப்ப வழக்கம்.

---

ஆங்கோ_கத்தி

ஓவரி விஷயத்தில் சிஸ்டர் சொன்னதே சரி. குடும்பத்தில் மார்பக, ஓவரிப் புற்றுநோய் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், கணக்கு மாறும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாமல் சி.டி.யையும் கேட்டு வாங்கிப் போங்கள். கட்டி யூரெட்டர் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை அந்தத் தாளில் எழுத மாட்டார்கள், சர்ஜன் படத்தில்தான் பார்ப்பார்.